பிக்கப் பின்பக்கம் உட்காருகிறதா? ஸ்பிரிங் மாற்றும் முன் அறிகுறியைப் பாருங்கள்

மலேசியாவின் பேராக்கில் பீடோர், தாப்பா பக்கம் ஓடும் பிக்கப்புகளுக்கு இன்ன வேலைதான் என்று கிடையாது. ஒரு நாள் செம்பனைக்கு உரமூட்டை, அடுத்த நாள் கொய்யாப் பெட்டி, வெள்ளிக்கிழமை கோயில் பந்தல் சாமான், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஈப்போவில் கல்யாணம். இத்தனைக்கும் பட்டறையில் வந்து நிற்பவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “அண்ணே, பின்னால ரெண்டு பக்கமும் ஒரு பட்டை ஏத்தி விடுங்க.” பட்டை என்பது பின்பக்க ஸ்பிரிங்கில் அடுக்கியிருக்கும் எஃகுத் தகடு. கூடுதலாக ஒன்று ஏற்றிவிட்டால் உரமூட்டை நாளுக்குச் சரியாகத்தான் இருக்கும். கல்யாணத்துக்குப் போன பாட்டிதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்.

பாரம் நாளுக்கு நாள் மாறும் வண்டியில் ஸ்பிரிங்கை ஆகக் கனமான நாளுக்குப் பொருத்தக் கூடாது. பெரும்பாலான நாட்களில் என்ன ஏறுகிறதோ அதற்கு ஸ்பிரிங். கனமான நாளுக்கு மட்டும் தோள் கொடுக்கத் துணையாக ஒன்று. அந்தத் துணை எது, அது தேவைதானா என்பதை வண்டி காட்டும் அறிகுறியை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

முதலில் எடைமேடை

தோட்டத்து ஊரில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. எண்ணெய் ஆலையிலோ செம்பனைக் குலை வாங்கும் ரேம்ப்பிலோ எடைமேடை இருக்கும். லோரி வரிசை இல்லாத நேரமாகப் பார்த்து, கிராணியிடம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். டீசல் டேங்க் நிறைய, எப்போதும் வண்டியிலேயே கிடக்கும் சாமான்களோடு முழு வண்டியை ஒருமுறை நிறுக்க வேண்டும். பிறகு கொஞ்சம் முன்னால் நகர்த்தி, பின்சக்கரங்கள் மட்டும் மேடைமேல் இருக்கும்படி ஒருமுறை. முழு எடையில் இதைக் கழித்தால் முன் அச்சின் எடை. பாரம் ஏற்றிய ஒரு நாளில் இதையே திரும்பச் செய்துவிட்டு, நான்கு சக்கரத்திலும் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உள்ள உயரத்தையும் காலியாக, பாரத்தோடு என்று இரண்டு தடவை குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்கு வரும்போது இந்தத் தாள் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அப்புறம் கையேட்டில் உள்ள மொத்த எடை வரம்பைப் பாருங்கள். உதாரணத்துக்கு வரம்பு 2,900 கிலோ, கூடுதலாக எதுவும் மாட்டாத காலி வண்டி 2,050 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 850. ஓட்டுநரோடு மூன்று பேர் ஏறினால் 210 கிலோ போய்விடும். கூண்டும் முன்பக்க இரும்புக் காப்பும் 90 கிலோ. பாக்கி 550, அதாவது 50 கிலோ உரமூட்டை பதினொன்று. “ஒரு டன் வண்டிதானே” என்று இருபது மூட்டை ஏற்றுகிறவரின் வண்டி உட்காராமல் என்ன செய்யும்? ஸ்பிரிங்கை மாற்றினால் வண்டி நிமிர்ந்து நிற்கும். வரம்பு ஒரு கிலோகூட உயராது. அச்சு, பேரிங், பிரேக், சேசிஸ் எல்லாம் பழையபடிதானே இருக்கின்றன. அந்த நாளுக்கு இரண்டு நடை போவதுதான் மருந்து.

டயரையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் வரும் எண் பாரக் குறியீடு. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 108 என்றால் 1,000 கிலோ. அழகுக்காக ரிம் மாற்றும்போது இந்த எண் இறங்கிவிடுவது சகஜம். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் பாரத்துக்கு ஒரு காற்றழுத்தம், காலிக்கு ஒன்று என்று இருந்தால் அதன்படியே வையுங்கள். “பின்னால ஆடுது” என்று வரும் வண்டிகளில் கணிசமானவை காற்று அடித்ததோடு திரும்பிப் போய்விடுகின்றன.

“காலியா நிக்கும்போதே தொங்குது”

இதற்குத்தான் உண்மையில் ஸ்பிரிங் வேலை. காலி வண்டியில் பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்றுத் தூக்கலாக இருப்பதுதான் இயல்பு. ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ட்ரைட்டன், ராப்டர் அல்லாத ரேஞ்சர் எல்லாவற்றிலும் பின்னால் பட்டை ஸ்பிரிங்தான். படுத்துக்கொண்டு பாருங்கள். மெயின் பட்டை வளைவு இழந்து நேராகிவிட்டதா, அல்லது எதிர்ப்பக்கம் வளைந்துவிட்டதா? அப்படியானால் அந்தக் கட்டு, அதாவது பட்டைகளின் முழு அடுக்கு, ஓய்ந்துவிட்டது. அதன்மேல் ஒரு புதுப் பட்டையைச் செருகினால் புதுசு மட்டும் வேலை செய்யும், பழசு சும்மா கூட வரும், கொஞ்ச நாளில் புதுசும் களைத்துவிடும். பழைய பட்டையை நெருப்பில் காட்டித் தட்டி வளைத்துத் தருகிற இடங்களும் உண்டு. முறையாகப் பதம் ஏற்றாத எஃகு சில மாதத்தில் பழையபடி படுத்துக்கொள்ளும். இந்த நிலையில் முழுக் கட்டாக மாற்றுவதுதான் மலிவு.

புதுக் கட்டு வாங்கும்போது கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி “நிரந்தரமாக எவ்வளவு கிலோ?” என்பதாக இருக்க வேண்டும். அந்தக் கேள்வியே வரவில்லையென்றால் வேறு கடை பாருங்கள். நிரந்தர 300 கிலோவுக்கான கட்டு என்றால், கூண்டும் கருவிப் பெட்டியும் ஜெனரேட்டரும் இரவும் பகலும் வண்டியிலேயே இருப்பவருக்கு. வாரத்தில் ஒரு நாள் 500 கிலோ, மற்ற நாள் காலி என்பவருக்கு அது சரிவராது. அவருக்கு கம்பெனிக் கட்டுக்குச் சமமானதோ ஒரு படி மேலானதோ போதும்.

“ஒரு பக்கம் மட்டும் சாயுது”

சரக்கு ஒரு பக்கமாக ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலியாகவும் சாய்ந்தால் பட்டை உடைந்திருக்கலாம். உடைந்த பட்டை சில நேரம் கிளிப்புக்குள்ளேயே மாட்டிக்கொண்டு வெளியே தெரியாது. கம்பி பிரஷால் சேற்றைத் தேய்த்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும். பட்டைகளை நடுவில் கோர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து அச்சு சற்றே பின்னால் நகர்ந்திருந்தால், வண்டி நேராக ஓடும்போதே பின்னால் வருகிறவருக்கு அது கோணலாகத் தெரியும். இதை வைத்துக்கொண்டு பாரம் ஏற்ற வேண்டாம்.

உரம் ஏற்றும் வண்டிகளில் இது அதிகம். செம்பனைக்குப் போடும் பொட்டாசியம் குளோரைடு ஒரு உப்புதான். மூட்டை கிழிந்து சிந்தியது மழையில் கரைந்து பட்டைகளின் இடுக்கில் இறங்கினால், இரும்பை உள்ளேயிருந்து அரிக்கும். துரு ஏறிய பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் கடித்துக்கொள்வதால் வண்டி விறைப்பாகவும் ஆகும். உரம் இறக்கிய அன்றே தண்ணீர்க் குழாயைச் சேசிஸுக்கு அடியில் விட்டு நன்றாகக் கழுவினால் போதும், பெரிய வைத்தியம் எதுவும் இல்லை. மேலே பளபளப்பாகக் கழுவி, அடியில் ஒரு வாளி தண்ணீர்கூடக் காட்டாத வண்டிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

“ஏத்தினதும் ஸ்டியரிங் லேசாயிடுது, எதிர்ல வர்றவன் லைட் அடிக்கிறான்”

பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கியிருக்கிறது. எல்லாரும் ஸ்பிரிங்கைக் குறை சொல்வார்கள். எனக்கு முதலில் சந்தேகம் வருவது சரக்கு வைத்த இடத்தின்மேல்.

இரட்டைக் கேபின் வண்டியில் பின்தொட்டியின் கணிசமான பகுதி பின்அச்சுக்கும் பின்னால்தான் இருக்கிறது. ஹைலக்ஸின் சக்கர இடைவெளி 3,085 மில்லிமீட்டர். பின்அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் 300 கிலோ வைத்தால், நெம்புகோல் கணக்குப்படி முன்அச்சிலிருந்து ஏறத்தாழ 58 கிலோ தூக்கப்படும். பின்அச்சு 358 கிலோ சுமக்கும். அதே 300 கிலோவை அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால், கேபின் சுவரையொட்டித் தள்ளி வைத்தால் முன்அச்சுக்கு 29 கிலோ கூடும், பின்அச்சில் 271தான். காசு செலவில்லாமல் பின்பக்கத்தில் 87 கிலோ குறைந்துவிட்டது.

ஆகவே கனமானது கேபினையொட்டி, லேசானது பின்கதவுப் பக்கம். மருந்து தெளிக்கிற தண்ணீர்த் தொட்டி வைப்பவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். 600 லிட்டர் என்றால் 600 கிலோ. பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் முன்னும் பின்னும் அலைந்து வண்டியை இழுக்கும். உள்ளே தடுப்பு இல்லாத தொட்டியென்றால் முழுதாக நிரப்புங்கள், இல்லாவிட்டால் காலியாக்குங்கள்.

சரக்கைச் சரியாக வைத்தும் முன்பக்கம் தூக்கினால்தான் துணை ஸ்பிரிங்கைப் பற்றிப் பேச வேண்டும்.

“பாரத்தோட பள்ளத்துல விழுந்தா டமார்னு அடிக்குது”

அச்சு மேலே வந்து ரப்பர்க் கட்டையில் இடிக்கிறது. பாரம் ஏற்றி நிறுத்திய நிலையில் அந்தக் கட்டைக்கும் அச்சுக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு விரல்கூடப் போகவில்லையென்றால் துணை தேவை. நிறைய இடம் இருந்தும் இடிக்கிறதென்றால், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் அப்சோர்பர் செத்திருக்கிறது.

துணைக்கு எனக்குப் பிடித்தது உள்ளீடற்ற ரப்பர் ஸ்பிரிங். பழைய ரப்பர்க் கட்டையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டுவது. காலியாக இருக்கும்போது அச்சைத் தொடாமல் சற்று இடைவெளி விட்டு நிற்கும், அதனால் பாட்டிக்குத் தொந்தரவில்லை. பாரம் ஏறி வண்டி தாழ்ந்ததும் மெல்லத் தாங்க ஆரம்பித்து, அமுங்க அமுங்க இறுகும். காற்று அடிக்க வேண்டாம், குழாய் கசியாது, சேறு பட்டாலும் கவலையில்லை. ஈரமான தோட்டத்துப் பாதைக்கு இதைவிட எளிமையானதை நான் பார்க்கவில்லை. குறை என்னவென்றால் உயரத்தை நாம் விரும்பியபடி கூட்டிக் குறைக்க முடியாது.

அது வேண்டுமென்றால் காற்றுப் பை, அதாவது அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவில் மாட்டிக் காற்றடிக்கும் ரப்பர்ப் பை. 200 கிலோ, 400, 600 என்று ஒவ்வொரு நாளும் வேறு பாரம், அதோடு தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு 59ஆம் எண் சாலையில் வளைந்து வளைந்து ஏறுகிற வேலை என்றால் அதற்குக் கொடுக்கும் காசு வீணில்லை. ஆனால் பலர் அதைத் தப்பாகத்தான் பயன்படுத்துகிறார்கள். பின்பக்கம் காலி வண்டி மாதிரி நிமிரும்வரை காற்றை அடித்துத் தள்ளுவார்கள். பட்டை ஸ்பிரிங் தன் பாரத்தை முன், பின் என்று இரண்டு முனைகளில் பிரித்துச் சேசிஸில் இறக்குகிறது. காற்றுப் பையோ அச்சுக்கு நேர்மேலே ஒரே இடத்தில் குத்துகிறது. அச்சுக்குப் பின்னால் கனமான சரக்கு, இறுக அடித்த பை, குழி விழுந்த பாதை, மூன்றும் சேர்ந்தால் கேபினுக்குப் பின்னால் சேசிஸ் மடங்கிவிடும். ஆஸ்திரேலியாவில் பின்னால் கேரவன் இழுக்கும் பிக்கப்புகளுக்கு இப்படி நடந்த கதைகள் ஏராளம். என் பழக்கம், வண்டி எவ்வளவு தாழ்ந்ததோ அதில் பாதியை மட்டும் மீட்பது. தாள் எழுதி வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாரம் இறக்கியதும் காற்றைக் குறைத்துவிடுங்கள், ஆனால் சுழியத்துக்குப் போக வேண்டாம். பெரும்பாலான பைகளுக்குக் குறைந்தது 5 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பை மடிந்து தன்னைத்தானே கடித்துக்கொள்ளும். புகைக்குழாய்க்குப் பக்கத்தில் உரசாமல் காற்றுக் குழாய் போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பின்னாலும் காயில் (சுருள்) ஸ்பிரிங் உள்ள நவாரா இரட்டைக் கேபின்களில் பட்டை ஏற்றுகிற பேச்சே இல்லை. காயிலுக்குள் செருகும் பை, அல்லது கனமான காயில். மற்ற விஷயமெல்லாம் இதேதான்.

“வளைவுல கவுந்துடுற மாதிரி இருக்கு”

பந்தல் கம்பு, நாற்காலி, உயரமாக அடுக்கிய பெட்டி. உயரத்தைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். ஏற்கெனவே காற்றுப் பை போட்டிருந்தால் ஒன்றைச் சோதியுங்கள்: இரண்டு பைக்கும் தனித்தனி வால்வா, ஒரே வால்விலிருந்து பிரிந்து போகிறதா? ஒரே வால்வென்றால் வளைவில் அமுங்கும் பக்கத்துக் காற்று எதிர்ப்பக்கம் ஓடிவிடும். வண்டி சாய்வதற்கு அதுவே உதவி செய்யும். தனித்தனியாகப் பிரித்துவிட்டால் வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும். அப்புறமும் ஆடினால் அப்சோர்பரைப் பாருங்கள்.

“ஒரு குலுக்கு குலுங்கினா நிக்கவே மாட்டேங்குது”

அப்சோர்பர் பாரம் தாங்காது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டும்தான் அதன் வேலை. “கனமான அப்சோர்பர் போட்டா தொங்காதுல்ல?” என்று கேட்பவர்களுக்குப் பதில்: தொங்கும். ஒரு நல்ல சோதனை இருக்கிறது. செம்மண் பாதையில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு இறங்கி, நான்கு அப்சோர்பரையும் புறங்கையால் தொட்டும் தொடாமலும் பாருங்கள். வேலை செய்கிறது சூடாக இருக்கும். மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதற்கு உயிரில்லை. உடம்பில் எண்ணெய் ஈரம் லேசாகப் படர்ந்திருந்தால் பரவாயில்லை, வழிந்தால் மாற்ற வேண்டும். மாற்றினால் ஜோடியாக. ஸ்பிரிங்கை விறைப்பாக்கியவர்கள் அதற்கேற்ற அப்சோர்பரும் போடாவிட்டால், காலியாக ஓட்டும்போது பின்பக்கம் கட்டுக்கடங்காமல் துள்ளும்.

“காலியா ஓட்டினா தூக்கிப் போடுது”

டயர் காற்று பாரத்துக்கு அடித்தபடியே இருக்கிறதா? காற்றுப் பையில் காற்று மிச்சமா? இரண்டும் இல்லையென்றால் யாரோ கூடுதல் பட்டை ஏற்றியிருக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள், செருகிய பட்டையின் நிறமும் துருவும் மற்றவற்றோடு ஒத்துப்போகாது. அதைக் கழற்றிவிட்டு ரப்பர்த் துணை போடுவதுதான் நான் சொல்வது. இது வெறும் சொகுசு விஷயம் இல்லை. விறைத்த ஸ்பிரிங்கோடு காலியாக ஓடும் பிக்கப்பின் பின்சக்கரம் ஒவ்வொரு மேட்டிலும் தரையை விட்டுக் கிளம்புகிறது. சாயங்கால மழையில் பழைய நெடுஞ்சாலை வளைவில் பிரேக் பிடிக்கும்போது அந்தச் சக்கரம் தரையில் இருக்க வேண்டும்.

“உயர்த்தின பிறகுதான் இதெல்லாம்”

கிளம்பும்போது அடியில் கடகடவென்று அதிர்ந்தால், அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் வைத்த உயரக் கட்டையைச் சந்தேகப்படுங்கள். கட்டை எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு அச்சு முறுக்கிக்கொண்டு, சுழலும் தண்டின் கோணம் கெட்டுவிடும். முன்டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் அலைன்மென்ட் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பிரேக் விஷயம் இதைவிட முக்கியம். பழைய பிக்கப்புகள் சிலவற்றில் பின்அச்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலே ஒரு வால்வுக்குப் போகும். வண்டி தாழ்ந்தால் பாரம் இருக்கிறது என்று கணக்கிட்டு, பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவது அதன் வேலை. நீங்கள் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால், முழுப் பாரத்தோடு போகும்போதும் வண்டி காலி என்றே அது நினைத்துக்கொள்ளும். பின்பிரேக் குறையும். உயர்த்தியவர்கள் அந்தக் கம்பியைக் கையேட்டின்படி திரும்பச் சரிசெய்யச் சொல்லுங்கள். இந்தக் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஸ்பிரிங் மாற்றிக் கொடுக்கிற இடத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

சத்தம்

கீச் கீச் என்றால் பட்டை மாட்டும் முனைகளில் உள்ள ரப்பர்ப் புஷ், அல்லது பட்டை நுனியில் உள்ள பிளாஸ்டிக் பட்டன் தேய்ந்தது. டொக் என்றால் பட்டையின் பின்முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளோ, பட்டையை அச்சோடு கட்டிப் பிடிக்கும் யு-போல்ட்டோ. பட்டைகளுக்கு நடுவில் எஞ்சின் எண்ணெய் ஊற்றுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது ரப்பர்ப் புஷ்ஷை ஊறவைத்துக் கெடுக்கும், மண்ணையும் இழுத்து ஒட்டவைக்கும்.

மாட்டிய பிறகு

யு-போல்ட்டைக் கழற்றினால் பழசைத் திரும்பப் போட வேண்டாம், அது ஒருமுறை இழுபட்டது. புதுசை முறுக்கின் அளவு காட்டும் டார்க் ஸ்பேனரால் முறுக்கி, 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் மறுபடி ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். புஷ் போல்ட்டுகளை வண்டி தூக்கிய நிலையில் முறுக்கக் கூடாது. நான்கு சக்கரமும் தரையில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு, இல்லையென்றால் புதுப் புஷ் சீக்கிரமே கிழிந்துவிடும். அப்புறம் அதே உயரத் தாளை எடுத்து, காலியாகவும் பாரத்தோடும் திரும்ப அளந்து எழுதுங்கள். முகப்பு விளக்கின் உயரத்தையும் அதோடு சரிசெய்துவிடலாம்.